கிராஸ்ஓவர் பாகங்களை மாற்றிய பின் ஸ்பீக்கர் சரியாக ஒலிக்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குள், ஒலியைத் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளாகப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகையின் கெப்பாசிட்டர், காயில், ரெசிஸ்டர் ஆகியவற்றை எடுத்துவிட்டு மேலான தரமுள்ளவற்றைப் பொருத்தியவர்களில் பலருக்கு, பெட்டியை மூடிப் பாட்டைப் போட்டதும் எதிர்பார்த்த ஒலி கிடைப்பதில்லை. சிலருக்கு ட்வீட்டரில் (உயர் ஒலி தரும் சிறு ஸ்பீக்கரில்) சத்தமே வருவதில்லை. சிலருக்குப் பாடுபவரின் குரல் எங்கோ பின்னால் போய்விடுகிறது. இன்னும் சிலருக்கு ஆம்ப்ளிஃபயர் கொதிக்கிறது. புதிய பாகம் மட்டமானது என்பது இவற்றுக்குக் காரணமாக இருப்பது அரிது. பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் மதிப்பைப் பார்த்து மாற்றும்போது, அச்சிடப்படாத மதிப்புகளும் சேர்ந்து மாறிவிடுகின்றன என்பதே பெரும்பாலான புகார்களின் வேர். காயில் கம்பியின் மின்தடை, கெப்பாசிட்டருக்குள்ளேயே தொடராக இருக்கும் சிறு மின்தடை (பட்டறைகளில் இதை ஈஎஸ்ஆர் என்பார்கள்), காயில்கள் ஒன்றையொன்று பார்த்து அமர்ந்திருக்கும் திசை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே வடிவமைத்தவர் அந்த ஒலியைச் சமன் செய்திருக்கிறார்.

ஆகவே முதல் வேண்டுகோள் இதுதான்: இரண்டு பெட்டிகளையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் வைத்திருந்தால், நினைவை நம்பாமல் ஒப்பிட்டுக் கேட்க ஓர் அளவுகோல் கைவசம் இருக்கும். ஒப்பிடும்போது ஒலியை மோனோவாக மாற்றி, இரு பெட்டிகளையும் அருகருகே வைத்து, மாறி மாறிக் கேட்க வேண்டும். ஏற்கெனவே இரண்டையும் மாற்றிவிட்டவர்கள், கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் இருந்தால் அவற்றை அளந்து அதே வேலையைச் செய்துகொள்ளலாம்.

தேவையான கருவிகள் ஒரு மல்டிமீட்டரும், காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் மதிப்புகளை அளக்கும் ஓர் எல்சிஆர் மீட்டரும். அளக்கும் மைக் ஒன்று இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளைக் கொண்டு அதிர்வெண் வரைபடமே எடுத்துவிடலாம். ஐயங்கள் பாதியாகக் குறையும். பலகையில் இருக்கும் பாகத்தை அளக்கும்போது அதன் ஒரு காலையாவது சால்டரிலிருந்து விடுவித்த பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அதனோடு இணைந்திருக்கும் மற்றப் பாகங்களின் மதிப்பும் கலந்து வரும். ஓரிரு ஓம் அளவுகளில் மல்டிமீட்டரின் கம்பிகளே 0.1 முதல் 0.3 ஓம் வரை காட்டக்கூடும் என்பதால், இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் சுடுகிறது, அல்லது பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்திவிடுகிறது

இந்த அறிகுறி தென்பட்டால் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பின்புற முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்து பாருங்கள். 8 ஓம் என்று எழுதப்பட்ட வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) இருந்தால், காயிலின் மின்தடையும் சேர்ந்து ஏறத்தாழ 5.5 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும்.

அந்த எண் 1 ஓமுக்கும் கீழே இருந்தால், ட்வீட்டருக்குக் குறுக்காக இருக்க வேண்டிய காயில் இடம் மாறிவிட்டது என்பதே முதல் சந்தேகம். இரண்டாம் படி கிராஸ்ஓவரில் (ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு காயிலும் உள்ள அமைப்பில்) ட்வீட்டர் பக்கம் முதலில் தொடராக ஒரு கெப்பாசிட்டர் வரும். அதற்கு அப்பால்தான் ட்வீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே காயில் வரும். பலகையைத் திருப்பி வைத்துச் சால்டர் செய்யும்போது இந்தக் காயில் கெப்பாசிட்டருக்கு முன்னால் போய்விட்டால், அது நேரடியாக ஆம்ப்ளிஃபயரின் இரு முனைகளுக்கும் இடையே அமர்ந்துவிடுகிறது. 0.3 மில்லிஹென்றி காயில் 50 ஹெர்ட்ஸில் 0.1 ஓமுக்கும் குறைவான தடையையே தருகிறது. கம்பியின் மின்தடையைச் சேர்த்தாலும் அரை ஓமைத் தாண்டுவது கடினம். ஆம்ப்ளிஃபயருக்கு அது ஷார்ட் சர்க்யூட்டேதான்.

எண் சரியாக இருந்தும் சூடாகிறது என்றால், மல்டிமீட்டரின் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றைத் தேட வேண்டும். நேர்மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் கடத்தாது என்பதால், அது தவறான இடத்தில் இருந்தாலும் மல்டிமீட்டர் எதையும் காட்டாது. வூஃபருக்குக் குறுக்காக, காயிலுக்கு அப்பால் இருக்க வேண்டிய 15 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் காயிலுக்கு முன்னால் பொருத்தப்பட்டுவிட்டால், 20,000 ஹெர்ட்ஸில் ஆம்ப்ளிஃபயர் எதிர்கொள்வது வெறும் 0.53 ஓம். இசையில் அந்த உயரத்தில் ஆற்றல் குறைவு என்பதால் குறைந்த ஒலியளவில் எதுவும் தெரியாமல் போகலாம். ஆனால் சில ஆம்ப்ளிஃபயர்கள் இத்தகைய சுமையில் நிலைகுலைந்து, காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தாமாகவே அலையத் தொடங்கி, பாட்டு ஓடாதபோதும் சூடாகும். தொடப்படாத பெட்டியின் பலகையை அருகில் வைத்து, ஒவ்வொரு பாகத்தின் இரு முனைகளும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று விரலால் தொடர்ந்து பார்ப்பதைவிட இதற்கு நம்பகமான வழி இல்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. குறுக்குக் கிளையில் கெப்பாசிட்டரோடு ஒரு சிறு ரெசிஸ்டர் தொடராக இருந்து, தேவையற்றது என்று கருதி அது நீக்கப்பட்டிருக்கலாம். வூஃபர் காயிலும் அந்தக் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஏற்படுத்தும் ஒத்ததிர்வை அடக்குவதற்காகவே அந்த ரெசிஸ்டர் வைக்கப்படுகிறது. அது போனால் கிராஸ்ஓவர் அதிர்வெண்ணுக்கு (வூஃபரும் ட்வீட்டரும் பிரியும் இடத்துக்கு) அருகே மின்மறுப்பு, அதாவது ஒலி மின்னோட்டத்துக்குப் பெட்டி காட்டும் மொத்தத் தடை, ஆழமாகச் சரியும். பழைய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஈஎஸ்ஆரே இந்த வேலையைச் செய்துவந்த பெட்டிகளும் உள்ளன. அங்கே ஃபிலிம் கெப்பாசிட்டரை (பாலிப்ரொப்பிலீன் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் ஆனதை) போடுபவர் விடுபட்ட மின்தடையைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ட்வீட்டரிலோ வூஃபரிலோ சத்தமே இல்லை

இரட்டை இணைப்பு முனைகள் உள்ள பெட்டி என்றால், மேல் முனைகளையும் கீழ் முனைகளையும் இணைக்கும் உலோகப் பட்டை திரும்பப் பொருத்தப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, புதிய காயிலின் முனைகள். செம்புக் கம்பியின் மேல் ஒளிபுகும் எனாமல் பூச்சு இருக்கிறது. அதை உப்புத்தாளால் முழுச் சுற்றும் சுரண்டாமல் சால்டர் செய்தால், ஈயம் பளபளவென்று ஒட்டியதுபோல் தெரிந்தாலும் மின்தொடர்பு இராது. அந்தக் காயில் வூஃபருக்குத் தொடராக இருந்தால் வூஃபர் ஊமையாகிவிடும். ட்வீட்டருக்குக் குறுக்காக இருந்தாலோ நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் சத்தம் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் சரிவு மட்டும் பாதியாகக் குறைந்து, ஒலியளவைக் கூட்டிய ஒருநாள் ட்வீட்டரின் குரல்சுருள் (அதை அசைத்து ஒலி எழுப்பும் கம்பிச்சுருள்) எரியும்.

ட்வீட்டரின் கம்பிகளைக் கழற்றி அதன் முனைகளிலேயே அளந்தால் 8 ஓம் வகை 5 முதல் 6 ஓம் வரை காட்டும். மல்டிமீட்டர் முடிவிலி காட்டினால் குரல்சுருள் அறுந்துவிட்டது. ஆனால் பெட்டிக்கு வெளியே, ட்வீட்டருக்குரிய பின்புற முனைகளில் அளந்து முடிவிலி வந்தால் அஞ்ச வேண்டாம். தொடர் கெப்பாசிட்டர் இருக்கும் பெரும்பாலான அமைப்புகளில் அப்படித்தான் வர வேண்டும்.

உயர் ஒலி குத்துகிறது, "ஸ்" ஒலி காதை அறுக்கிறது

பாகம் மாற்றியவர்களிடமிருந்து மிகுதியாக வரும் புகார் இது. துருவமற்ற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு அதே மதிப்புள்ள பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டரைப் போட்டால், மைக்ரோஃபாரட் மாறவில்லை. ஈஎஸ்ஆர் மட்டும் அரை ஓம் அளவிலிருந்து ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலைக்கு இறங்குகிறது. 6 ஓம் ட்வீட்டரில் அந்த அரை ஓம் நீங்கினால் ஒலி ஏறத்தாழ 0.6 முதல் 0.7 டெசிபெல் உயரும். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றினாலும், 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள முழுப் பகுதியும் ஒன்றாக உயர்வதால் காது அதை உடனே கண்டுகொள்கிறது. பழைய கெப்பாசிட்டர் பல பத்தாண்டுகளாக உலர்ந்து, அதன் ஈஎஸ்ஆர் 3 ஓம் வரை ஏறியிருந்தால் வேறுபாடு மிகப் பெரிது: 8 ஓம் ட்வீட்டரில் அதுவே 2.8 டெசிபெல் இழப்பு. அப்படிப்பட்ட பெட்டியில், இப்போது குத்துவதாகத் தோன்றும் ஒலிதான் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த ஒலியாக இருக்கலாம். சில நாள் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அதன் பிறகும் மிகையாகப் பட்டால், கெப்பாசிட்டரோடு தொடராக 0.33, 0.47, 0.68, 1 ஓம் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கிளிப் கம்பியால் இணைத்துக் கேட்டு, தொடப்படாத பெட்டியோடு எது பொருந்துகிறதோ அதை நிரந்தரமாகச் சால்டர் செய்யலாம். உள்ளபடியே இது பெரும்பாலான வீடுகளில் பிரச்சினையைத் தீர்த்துவிடும். புதிய பாகம் நூறு மணி நேரம் ஓடிப் பழகட்டும், பிறகு ஒலி மென்மையாகும் என்று சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. ஃபிலிம் கெப்பாசிட்டரை முதல் நாளும் நூறு மணி நேரத்துக்குப் பிறகும் எல்சிஆர் மீட்டரில் வைத்தால் எண் அசைவதில்லை. காத்திருக்கும் காலத்தில் பழகுவது கேட்பவரின் காது.

ரெசிஸ்டர் சேர்த்தும் சரியாகவில்லையெனில் குறியீட்டைத் தவறாகப் படித்திருக்கக்கூடும். ஃபிலிம் கெப்பாசிட்டரில் 685 என்று இருந்தால் 6.8 மைக்ரோஃபாரட், 475 என்று இருந்தால் 4.7. பின்னால் வரும் ஜே என்ற எழுத்து 5 சதவீதப் பிழை எல்லையையும், கே 10 சதவீதத்தையும் குறிக்கும். 8 ஓம் சுமைக்கு 6.8 மைக்ரோஃபாரட் ஏறத்தாழ 2,900 ஹெர்ட்ஸில் வெட்டும், 4.7 போட்டால் அது 4,200க்கு ஏறி நடுவில் பள்ளம் விழும். 10 போட்டால் 2,000க்கு இறங்கி, ட்வீட்டர் தாங்க முடியாத வேலையைச் செய்ய நேரும். சரியான மதிப்பு கடையில் கிடைக்காதபோது இரண்டை இணையாக வைத்துக் கூட்டிக்கொள்ளலாம்: 4.7, 2.2 இரண்டும் சேர்ந்து 6.9 ஆகும், அது தாராளமாகப் போதும். மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை, 8 ஓமில் 100 வாட் என்பது உச்சத்தில் 40 வோல்ட் மட்டுமே. ஆகவே 100 வோல்ட் பாகம் வீட்டுக்குப் போதுமானது. 400, 600 வோல்ட் பாகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெட்டிக்குள் இடத்தை அடைப்பதற்கு மட்டுமே பயன்படும்.

உயர் ஒலி மங்கியிருக்கிறது

ரெசிஸ்டரில் 2ஆர்2 என்றால் 2.2 ஓம், 22ஆர் என்றால் 22 ஓம். அவசரத்தில் இவை இரண்டும் இடம் மாறினால் ட்வீட்டரின் குரல் அமுங்கிப்போகும். துருவமுள்ள சாதாரண எலக்ட்ரோலைட்டிக் போடப்பட்டிருந்தாலும் ஒலி கெடும், அத்துடன் அது சூடேறி ஒழுகும் அபாயமும் உண்டு. வாங்கும்போதே "நான்-போலார்" என்று கேட்டு வாங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து, பழைய பெட்டியில் மங்கல் மட்டும் நீங்கவில்லை என்றால், குற்றம் கிராஸ்ஓவரில் இல்லாமலும் இருக்கலாம். பல ட்வீட்டர்களின் காந்த இடைவெளியில் ஃபெர்ரோஃபுளூயிட் என்ற காந்தத் திரவம் நிரப்பப்பட்டிருக்கிறது. நெடுங்காலத்தில் அது பிசின்போல் கெட்டியாகி, குரல்சுருளின் அசைவைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை விலையுயர்ந்த கெப்பாசிட்டரும் அதற்கு மருந்தாகாது.

குரல் பின்னால் போய்விட்டது, நடுவில் குழிவாகக் கேட்கிறது

ட்வீட்டரின் கம்பிகள் திருப்பி இணைக்கப்பட்டுள்ளன என்று ஏறத்தாழ உறுதியாகவே சொல்லிவிடலாம். பிரித்துப் பார்த்தவர் ட்வீட்டரின் கூட்டல் முனைக்குக் கறுப்புக் கம்பி போவதைக் கண்டு, தொழிற்சாலையின் பிழை என்று எண்ணித் "திருத்தி" இருப்பார். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவரின் பெயரால் வழங்கும், 1976இல் லிங்க்விட்ஸ் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவிய வகையின் இரண்டாம் படி அமைப்பில், கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் போகும் அலைகள் 180 பாகை விலகி நிற்கின்றன. ஒன்றைத் திருப்பி இணைத்தால்தான் இரண்டும் கூடும். திருப்பாவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தக் கறுப்புக் கம்பி வடிவமைப்பாளர் வேண்டுமென்றே செய்தது.

சரிபார்ப்பது எளிது. பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலை ஒலிக்கவிட்டு, காதை ட்வீட்டரின் உயரத்துக்குக் கொண்டுவந்து, ஆம்ப்ளிஃபயரை அணைத்துக் கம்பிகளை மாற்றி, மறுபடி கேளுங்கள். நிறைவாகக் கேட்கும் நிலை எதுவோ அதுவே பெரும்பாலும் சரி. தொடப்படாத பெட்டி இருந்தால் ஐயமே எழாது. வூஃபரின் திசையை அறிய 1.5 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டுப் பார்க்கலாம்: கூட்டலோடு கூட்டல் சேர்ந்தால் கூம்பு முன்னால் வரும். ட்வீட்டரில் இதைச் செய்யக்கூடாது.

பேஸ் தளர்ந்துவிட்டது, அல்லது பெட்டியின் குணமே மாறிவிட்டது

இரும்பு உள்ளகம் உள்ள காயில் மிகையான மின்னோட்டத்தில் காந்தச் செறிவடைந்து ஒலியைச் சிதைக்கும் என்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டு, காற்று உள்ளகக் காயிலுக்கு மாறுகிறார்கள். ஆனால் இரும்பில்லாமல் அதே மில்லிஹென்றியைப் பெற அதிகச் சுற்றுகள் வேண்டும். கம்பி மெலிதாக இருந்தால் மின்தடை ஏறிவிடும். முன்பு 0.2 ஓம் இருந்த இடத்தில் 0.7 ஓம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 6 ஓம் சுருளுள்ள வூஃபர் ஏறத்தாழ 0.7 டெசிபெல் தாழும். இதில் கவனிக்க வேண்டியது, எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் அது தாழ்வதில்லை என்பது. வூஃபரின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் அதன் மின்மறுப்பு பல மடங்கு உயர்ந்து நிற்பதால் அங்கே இழப்பு மிகக் குறைவு. அதற்கு மேலேயே இழப்பு முழுமையாகத் தெரியும். விளைவாக ஆழத்தில் ஒரு புடைப்பும் அதற்கு மேல் ஒரு மெலிவும் உண்டாகி, மிருதங்கத்தின் தொப்பி ஒலி நீண்டு நின்று, அதன் அடி மழுங்கிக் கேட்கும். பழைய காயிலின் மின்தடையை அளந்து, அதற்கு நெருக்கமாக வருமளவு தடித்த கம்பியில் சுற்றிய காயிலைத் தேர்வதே தீர்வு. அளவுக்கு மீறித் தடித்த கம்பியும் வேண்டாம். மின்தடை குறைந்தால் வூஃபர் உயர்ந்து, ட்வீட்டர் பின்தங்கியதுபோல் தோன்றும்.

பேஸ் மெலிந்ததற்குப் பலகையில் காரணம் கிடைக்கவில்லை எனில், வூஃபரைத் திரும்பப் பொருத்தும்போது விளிம்பு ரப்பர் சரியாக அமர்ந்ததா, காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள். நுரை விளிம்பு உள்ள பழைய வூஃபர் என்றால் அந்த நுரையே பொடிந்திருக்கலாம்.

காயில்களின் இடமும் இங்கேதான் வருகிறது. புதியவை பெரிதாக இருப்பதால் கிடைத்த இடத்தில் அருகருகே, ஒரே திசையில் ஒட்டிவிடுகிறார்கள். ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் பாய்ந்து, வூஃபருக்குரிய ஒலி ட்வீட்டர் கிளைக்குள் புகும். இடைவெளி விட்டு, அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி வைக்க வேண்டும். இரும்புத் திருகால் காயிலின் நடுத்துளையில் பிணைக்கக் கூடாது, ஏனெனில் அது மில்லிஹென்றியை மாற்றிவிடும். பித்தளைத் திருகோ நைலான் பட்டையோ போதும்.

இடப்பெட்டியும் வலப்பெட்டியும் ஒத்துப்போகவில்லை

முதலில் ஆம்ப்ளிஃபயரில் இட, வலக் கம்பிகளை மாற்றி இணைத்து, குறை பெட்டியோடு நகர்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நகராவிட்டால் குறை ஆம்ப்ளிஃபயரிலோ அறையிலோ இருக்கிறது. நகர்ந்தால், இரு பலகைகளின் பாகங்களையும் ஒவ்வொன்றாக அளந்து ஒப்பிடுங்கள். அப்படி ஒப்பிடும்போது, தொழிற்சாலையே இரு பெட்டிகளுக்கும் வெவ்வேறு இணைப்பைக் கொடுத்திருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரின் 15 ஓம் வகையில், ட்வீட்டரின் அளவைச் சமன் செய்வதற்கென்றே பல இடைமுனைகள் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. கிடைத்த ட்வீட்டருக்கு ஏற்ப முனை தேர்ந்தெடுக்கப்பட்டது. இரு பலகைகளையும் ஒன்றுபோல் ஆக்கிவிடுகிறேன் என்று அதைத் தொட்டவர், இருந்த சமநிலையைத் தம் கையாலேயே குலைத்துவிடுவார்.

குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது, ஒலி வந்து வந்து போகிறது

இதற்குப் பெயர்போன பெட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ஏஆர்-3ஏ. 575 ஹெர்ட்ஸிலும் 5,000 ஹெர்ட்ஸிலும் பிரியும் மூன்று வழி அமைப்பு அது. நடு ஒலிக்கும் உயர் ஒலிக்கும் பின்புறம் ஒவ்வொரு குமிழ் உண்டு. அந்தக் குமிழ்களின் உள்ளே சறுக்கும் தொடுமுனை காலப்போக்கில் பச்சை பூத்து, தொடர்பு விட்டுப்போகிறது. இந்நிலையில் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றிவிட்டு, ஒலி திரும்பவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு. குமிழைப் பிரித்து, தொடுமுனையையும் சுருள் கம்பியையும் மென்மையாகத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் உயிர்பெறும். கடையில் கிடைக்கும் சாதாரண 8 ஓம் எல்-பேடை (ஒலியளவைக் குறைக்கும் குமிழை) பதிலாகப் போட்டால், அது சுற்றுக்குக் காட்டும் மின்தடை பழையதிலிருந்து வேறுபடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சத்தம் கூட்டும்போது மட்டும் தோன்றும் குறைகள்

ஒலியளவை ஏற்றியதும் ட்வீட்டர் மறைந்து, சில நிமிடம் கழித்துத் தானே திரும்பினால், ட்வீட்டருக்குத் தொடராக ஒரு பாதுகாப்புப் பாகம் இருக்கிறது. சூடானதும் அதன் மின்தடை உயர்ந்து ட்வீட்டரைக் காக்கிறது. அதை நீக்கிவிடுவதையே மேம்பாடு என்று சிலர் சொல்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரை அதன் வலிமைக்கு மேல் விரட்டும் வீட்டில் அதை நீக்குவது ட்வீட்டரைப் பலி கொடுப்பதாகும்.

ரெசிஸ்டர் கருகியிருந்தால் அதே ஓம் மதிப்பில், கூடுதல் வாட் தாங்குவதைப் போட்டு, பலகையிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்தியும் கெப்பாசிட்டரிலிருந்து விலக்கியும் பொருத்துங்கள். அத்துடன் ட்வீட்டரையும் அளந்து பாருங்கள், ஏனெனில் ரெசிஸ்டர் காரணமின்றிக் கருகுவதில்லை. தொடர் ரெசிஸ்டர் அறுந்தால் ட்வீட்டர் ஊமையாகும். குறுக்கு ரெசிஸ்டர் அறுந்தால் ஒலி கூடும். சில சுரங்களில் மட்டும் அதிர்வொலி கேட்டால், கனமான புதிய கெப்பாசிட்டர் காலை மட்டும் நம்பித் தொங்குகிறதா என்று பாருங்கள்; சூட்டுப் பசையும் நைலான் பட்டையும் இரண்டும் வேண்டும்.

எந்த வேறுபாடும் கேட்கவில்லை

பழைய பாகம் ஏற்கெனவே ஃபிலிம் வகையாக இருந்து, அளவும் எல்லைக்குள் இருந்திருந்தால், கேட்காததுதான் இயல்பு. மைக் கொண்டு எடுத்த இரு பெட்டிகளின் வரைபடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், இரண்டாவது பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை இல்லை. வாங்கி வைத்த மீதிப் பாகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வரைபடங்கள் விலகினால், எந்த அதிர்வெண்ணில் விலகுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன அறிகுறிகளில் அந்தப் பகுதிக்கு உரியதிலிருந்து தொடங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களை, அளந்த மதிப்பையும் பலகையில் இருந்த இடத்தையும் எழுதிய உறையில் போட்டு, அந்தப் பெட்டியோடு சேர்த்தே வைத்திருங்கள்.